சுகாதாரத் தொழில்களும் எமது கிராமத்து மாணவரும்
(குழுக் கற்கைக்கான கட்டுரை)

முன்னுரை

சுகாதாரம் மக்களின் அடிப்படை உரிமை என்று நாம் கருத்தரங்குகளிலும் கூட்டங்களிலும் அடிக்கடி கூறிவருகின்றோம். அந்த உரிமையை மக்களின் வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்ப்பவர்கள் வைத்தியர், தாதியர், குடும்பநல மருத்துவிச்சி, மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோரே. இவர்கள் எந்த ஊர்களிலிருந்து வருகின்றார்கள்? எந்த மொழியைப் பேசுகின்றார்கள்? எத்தகைய குடும்பங்களில் பிறந்தவர்கள்? இவ்வினாக்களை நாம் அதிகம் கேட்பதில்லை. ஆனால் ஒரு பிரதேசத்தின் சுகாதார சேவை எவ்வாறு அமையும் என்பதை இவற்றுக்கான விடைகளே பெருமளவுக்குத் தீர்மானிக்கின்றன.

பின்தங்கிய கிராமங்களிலுள்ள பல்வேறு சமூகங்களின் மாணவர்கள் சுகாதாரத் தொழில்களில் நுழைவதற்குத் தடையாக இருப்பவை எவை, பாடசாலைப் பருவத்திலேயே வைத்தியசாலையில் பெறும் ஒரு குறுகிய கால அறிமுகப் பயிற்சி அத்தடைகளில் எவற்றை நீக்க வல்லது, அத்தகைய பயிற்சியை ஒரு கிராமம் எவ்வாறு தொடங்கலாம் ஆகிய மூன்று விடயங்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். சாகாமத்தையும் அதனைச் சூழவுள்ள அம்பாறைக் கரையோரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. நாம் வாழும் பிரதேசம்

அம்பாறை மாவட்டம் 1961 ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இங்கு ஏறத்தாழ ஆறரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் முஸ்லிம்கள் 43 வீதத்தினர், சிங்களவர் 39 வீதத்தினர், தமிழர் 17 வீதத்தினர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எனக் கரையோரமாக அமைந்த பட்டினங்களில் முஸ்லிம்களும், அவற்றுக்கு இடையிலும் உட்புறமாகவும் அமைந்த ஊர்களில் தமிழரும் செறிந்து வாழ்கின்றனர்.

சாகாமம் உட்புறக் கிராமம். அதன் பெயரைத் தாங்கிய குளத்து நீரை நம்பி வயல் செய்யும் மக்கள் இப்பகுதியில் வாழ்கின்றனர். அக்கரைப்பற்றிலிருந்து உள்ளே செல்லும் சாகாமம் வீதி வழியே பயணம் செய்வோர், சில மைல் தூரத்துக்குள்ளேயே பட்டினத்தின் வசதிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துபோவதைக் காணலாம். தெலுங்கு மொழியை வீட்டு மொழியாகக் கொண்ட குறவர் சமூகத்தினர் நிலையாகக் குடியேறி வாழும் அளிக்கம்பையும் இப்பகுதியிலேயே உள்ளது. இத்தனை வகை மக்களுக்கும் நோய் ஒன்றுதான். ஆனால் வைத்தியசாலையில் அவர்கள் பெறும் அனுபவம் ஒன்றல்ல.

சுகாதார நிருவாகத்தைப் பொறுத்தவரை அம்பாறை மாவட்டம் இரண்டு பிராந்தியங்களாக இயங்குகின்றது. கரையோரத் தமிழ், முஸ்லிம் பிரதேசங்கள் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழ் வருகின்றன. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என இரு பெரிய வைத்தியசாலைகள் உள்ளன. அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் ஆகிய இடங்களிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. ஆகவே கட்டடங்கள் அறவே இல்லை என்று நாம் முறைப்படுவதற்கில்லை. அக்கட்டடங்களுக்குள் பணிபுரிபவர்களில் எத்தனை பேர் சாகாமம் போன்ற கிராமங்களின் பிள்ளைகள் என்பதே எமது கேள்வி.

2. ஊழியர் எந்த ஊரவர் என்பது ஏன் முக்கியமானது?

முதலாவது காரணம் மொழி. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாய் மேல்சிகிச்சைக்காகச் சிங்களம் பேசும் விடுதி ஒன்றுக்கு மாற்றப்படும்போது, "எங்கே நோகுது? எப்போது தொடங்கினது?" என்ற சாதாரண வினாக்களே தடையாகி விடுகின்றன. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் நோயாளியோ கூட்டித் துடைக்கும் ஊழியரோ மொழிபெயர்ப்பாளர் ஆகின்றார். பெண்களுக்குரிய நோய்களை இவ்வாறு மூன்றாம் ஆளின் மூலம் சொல்ல நேர்வது எத்தனை வேதனையானது என்பதை விளக்கத் தேவையில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் நோயாளியின் கட்டிலருகே ஒரு மொழி வாழ்வதற்கு, அதைப் பேசும் ஊழியர் அங்கே நிற்கவேண்டும்.

இரண்டாவது காரணம் பண்பாடு. பிரசவத்தின்போது பெண் ஊழியரே தம்மைக் கவனிக்கவேண்டும் என்று முஸ்லிம் தாய்மார் மட்டுமன்றித் தமிழ்த் தாய்மார் பலரும் விரும்புகின்றனர். இந்த விருப்பத்தை அறியாமை என ஒதுக்கிவிடலாகாது. அதை மதிக்கும் சேவையையே மக்கள் காலந்தாழ்த்தாது நாடுவர்.

மூன்றாவது காரணம் நம்பிக்கை. போர்க்காலத்தில், சிறப்பாக 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின், அடுத்த சமூகத்தின் ஊரைக் கடந்து வைத்தியசாலைக்குச் செல்லவே மக்கள் அஞ்சினர். அந்த அச்சத்தின் நிழல் இன்னும் முற்றாக நீங்கவில்லை. அதேவேளை, 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது இலங்கையிலேயே கூடிய உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் இனம் பார்க்கவில்லை. காயத்துக்கு மருந்து கட்டும் கையும் இனம் பார்க்கலாகாது. ஆயினும் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அந்தப் பணியில் இடம்பெறாதபோது, "இது எங்களுக்குரிய இடம் இல்லை" என்ற எண்ணம் அச்சமூகத்தினரிடம் வேரூன்றுகின்றது.

நான்காவதாக, கிராமத்தில் பிறந்து வளர்ந்தவரே கிராமத்தில் நிலைத்துப் பணியாற்ற அதிகம் முன்வருகின்றார். உலக சுகாதார நிறுவனம் 2010 ஆம் ஆண்டு வெளியிட்டு 2021 இல் புதுப்பித்த வழிகாட்டலில், கிராமப்புற மாணவர்களைச் சுகாதாரக் கல்விக்குச் சேர்த்துக்கொள்ளுமாறு நாடுகளுக்குப் பரிந்துரைத்துள்ளது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து வைத்தியர்களும் தாதியர்களும் பெருந்தொகையாக வெளிநாடு சென்றதைக் கண்ட நமக்கு இப்பரிந்துரை புதிய பொருள் தருகின்றது.

3. கதவு எங்கே அடைபடுகின்றது?

பல்கலைக்கழக அனுமதி பற்றி நம்மவர் நிறையப் பேசுவர். 1970 களின் தரப்படுத்தல் யாழ்ப்பாண மாணவரைக் கடுமையாகப் பாதித்தது. 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடோ கிழக்கிலும் வன்னியிலும் உள்ள பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சில இடங்களைப் பெற்றுத் தந்தது. தற்போது மருத்துவம் உள்ளிட்ட பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் வழங்கப்படுகின்றன. அம்பாறை இப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று.

ஆனால் மாவட்டத்துக்குக் கிடைக்கும் இடம் கிராமத்துக்குக் கிடைப்பதாகக் கொள்ள முடியாது. உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்ட '1 ஏபி' தரப் பாடசாலைகள் நாட்டின் ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளில் ஆயிரம் அளவிலேயே உள்ளன. அவை பெரும்பாலும் பட்டினங்களில் அமைந்தவை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் கற்க விரும்பும் கிராமத்து மாணவி பட்டினத்துக்குப் போகவேண்டும்; அங்கே தங்கவேண்டும்; தனியார் வகுப்புக்குப் பணம் கட்டவேண்டும். மாவட்ட ஒதுக்கீடு கடைசிக் கதவைச் சிறிது திறந்து வைத்துள்ளது. அதற்கு முன்னுள்ள நான்கைந்து கதவுகள் மூடியே கிடக்கின்றன.

அவற்றுள் முதலாவது கதவு அறிமுகமின்மை. நாம் பணியாற்றும் ஊர்களில் பத்தாம் வகுப்பு மாணவரிடம் "ஆஸ்பத்திரியில் என்னென்ன வேலைகள் உண்டு?" என்று கேட்டால் 'டொக்டர்', 'நேர்ஸ்' என்ற இரண்டு பெயர்களோடு பட்டியல் முடிந்துவிடும். டொக்டர் எட்டாத உயரம். நேர்ஸ் யாரோ ஒருவருக்குக் கிடைக்கும் அதிர்ஷ்டம். இவ்விரண்டுக்கும் இடையிலும் அருகிலும் உள்ள தொழில்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. "எங்கட புள்ளைக்கு அதெல்லாம் சரிவராது, பாதர்" என்று தாய்மார் சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கின்றோம். பிள்ளையின் அறிவைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ளலாகாது. கண்டிராத ஒன்றைப் பற்றிய அச்சமே அவ்வாறு பேசுகின்றது. பட்டினத்து வைத்தியரின் மகனுக்கு இந்த அச்சம் இல்லை. அவன் சாப்பாட்டு மேசையிலேயே அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்கின்றான்.

4. வரலாறு தரும் மூன்று பாடங்கள்

(அ) மானிப்பாய்: அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியதோடு உள்ளூர் இளைஞர்களைத் தம்முடன் வைத்துக்கொண்டு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1860 களில் தமிழுக்கு மாறினார். உடற்கூற்றியல், சத்திர சிகிச்சை, இரசாயனம் ஆகிய துறைகளின் நூல்கள் அவருடைய முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டோரில் 33 பேர் தமிழிலேயே கற்றனர். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல்தான் தொடங்கியது என்பதை நினைவிற் கொள்வோமானால் இதன் பெருமை விளங்கும். நோயாளியின் அருகில் நின்று, நோயாளியின் மொழியில் கற்றல் இங்கே நாம் பெறும் பாடம்.

(ஆ) வேலூர்: தமிழ்நாட்டில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் மருத்துவத் துறைக்கு வந்தமைக்குக் காரணமான நிகழ்ச்சி பலரும் அறிந்தது. ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தனர். அவர்களுள் இந்துக்களும் ஒரு முஸ்லிமும் இருந்தனர். ஆண் வைத்தியரான அவருடைய தந்தையை அழைத்துச்செல்ல அவர்களது வழக்கம் இடந்தரவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா மருத்துவம் கற்று 1900 இல் வேலூரில் பணி தொடங்கினார். 1909 இல் தாதியர் பயிற்சியையும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையையும் ஆரம்பித்தார். தாமே மூன்று வீடுகளுக்கும் ஓடுவதால் மட்டும் பிரச்சினை தீராது, அந்த வீடுகளின் பெண்களைப் பயிற்றவேண்டும் என்று அவர் கண்டார். பின்னாளில் அக்கல்லூரி, திருச்சபைகள் தம் மாணவரைப் பரிந்துரைத்து அனுப்பவும், படிப்பு முடிந்தபின் அவர்கள் மிசன் வைத்தியசாலைகளில் குறித்த காலம் பணியாற்றவும் ஒழுங்கு செய்தது.

(இ) இங்வாவுமா: இது நமது காலத்துக்குரியது, நமது நிலைமைக்கு மிகவும் நெருங்கியது. தென்னாபிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், எல்லைப்புறக் கிராமம் ஒன்றிலுள்ள மொஸ்வோல்ட் வைத்தியசாலைக்கு வைத்தியர்கள் வருவதுமில்லை, வந்தால் நிற்பதுமில்லை. 1990 களின் இறுதியில் வைத்தியர் அன்ட்ரூ றொஸும் அவருடன் பணிபுரிந்தோரும் வெளியாரை எதிர்பார்ப்பதை விடுத்து, அப்பகுதிப் பாடசாலைகளின் மாணவரையே உருவாக்கத் துணிந்தனர். விண்ணப்பிக்கும் மாணவர் முதலில் வைத்தியசாலையில் தொண்டராகச் சிறிது காலம் வேலை செய்யவேண்டும். உள்ளூர்க் குழு ஒன்று அவர்களைத் தெரிவு செய்யும். படிப்புச் செலவு வழங்கப்படும். ஒவ்வொரு ஆண்டும் விடுமுறையில் அவர்கள் தம் ஊர் வைத்தியசாலைக்குத் திரும்பி வந்து வேலை பழகவேண்டும். உதவிபெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அங்கே சேவை செய்யவேண்டும். தனியே பணம் கொடுத்தால் போதாது என்று கண்டு, மாணவரைத் தொடர்ந்து விசாரித்து ஊக்குவிக்கும் வழிகாட்டிகளையும் நியமித்தனர். சிறிதாகத் தொடங்கிய இம்முயற்சி பின்னர் 'உம்தொம்போ' என்ற பெயரில் வேறு பல கிராமிய வைத்தியசாலைகளுக்கும் பரவி, நூற்றுக்கணக்கான சுகாதார ஊழியரை உருவாக்கியது.

5. நமது ஊரில் தொடங்குவது எவ்வாறு?

நமது மாணவருக்கு இயற்கையாகவே ஒரு வாய்ப்புக் காலம் உண்டு. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை மாதக்கணக்காகக் காத்திருக்கின்றார்கள். உயர்தரத்தின் பின்னும் அவ்வாறே. பட்டினத்துப் பிள்ளைகள் அக்காலத்தில் ஆங்கில வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் செல்கின்றனர். கிராமத்துப் பிள்ளைகளோ வயலுக்கும் கடைக்கும் தையலுக்கும் போகின்றனர். சிலர் பின்பு பாடசாலைக்குத் திரும்புவதேயில்லை. இந்த இடைவெளியில் ஆறு வார அறிமுகப் பயிற்சி ஒன்றை ஒழுங்கு செய்யலாம். ஒரு மாதிரித் திட்டம் வருமாறு:

முதலாம் வாரம்: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. குடும்பநல மருத்துவிச்சியுடன் தாய் சேய் கிளினிக்குக்குச் செல்லுதல், நிறை பார்க்கும் அட்டையை வாசிக்கப் பழகுதல். 1930 களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000 அளவில் இருந்த தாய் மரணம் இன்று இந்நாட்டில் 30, 40 என்னும் அளவுக்குக் குறைந்திருப்பதில் மருத்துவிச்சிமாரின் பங்கு பெரிது என்பதை மாணவர் அங்கேயே கண்டுணரலாம்.

இரண்டாம் வாரம்: வெளிநோயாளர் பிரிவு. துண்டு எழுதும் இடத்திலிருந்து மருந்து பெறும் யன்னல் வரை ஒரு நோயாளி நடக்கும் பாதையைக் கவனித்து எழுதுதல்.

மூன்றாம் வாரம்: மருந்தகமும் ஆய்வுகூடமும். மருந்தின் அளவு பிழைத்தால் என்ன நேரும், இரத்தப் பரிசோதனை எவ்வாறு நடைபெறுகின்றது என்பவற்றைப் பார்த்தறிதல். இரசாயனவியல் எதற்கு என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கும்.

நான்காம் வாரம்: விடுதி. தாதியரின் ஒரு முழுக் கடமை நேரத்தைக் கவனித்தல், முதியோருக்கு உணவூட்டவும் பேச்சுத்துணை இருக்கவும் உதவுதல்.

ஐந்தாம் வாரம்: பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் களப்பணி. டெங்கு நுளம்பு பெருகும் இடங்கள், கிணறுகள், உணவுக் கடைகள்.

ஆறாம் வாரம்: ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் ஒரு சுகாதாரப் பிரச்சினையைப் பற்றிப் பெற்றோர் முன்னிலையில் பேசுதல். இதைத் தவிர்க்கவேண்டாம். பிள்ளை எழுந்து நின்று பேசுவதைக் கேட்கும்போதுதான் பெற்றோரின் மனம் மாறுகின்றது.

தெரிவில் ஒரு விதியை உறுதியாகக் கடைப்பிடிக்கவேண்டும். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவாயின், தமிழ், முஸ்லிம் மாணவர் சமமாகவும், பெண்பிள்ளைகள் பாதிக்குக் குறையாமலும், ஒதுக்குப்புறக் கிராமங்களின் பிள்ளைகள் கட்டாயமாகவும் இடம்பெறல் நன்று. இருவர் இருவராகப் பிரிக்கும்போது இரு சமூகத்தவரையும் இணைத்து அனுப்பலாம். சாகாமத்து மாணவியும் அக்கரைப்பற்று மாணவியும் ஒரே கிளினிக்கில் ஆறு வாரம் உழைத்தால், பத்து நல்லிணக்கக் கூட்டங்கள் தராத பயனை அது தரும்.

6. தொழில்களும் அவற்றின் வாயில்களும்

பயிற்சியின்போது இவ்விளக்கங்களை மாணவருக்குக் கொடுப்பது அவசியம்.

வைத்தியராவதற்கு உயர்தர உயிரியற் பிரிவில் மிக உயர்ந்த இசட் புள்ளி வேண்டும். ஐந்தாண்டுப் பட்டப்படிப்பின் பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலேயே இயங்குகின்றது. அங்கு தாதியியல் பட்டமும் உண்டு. சித்த மருத்துவத்தைத் திருகோணமலை வளாகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், யுனானி மருத்துவத்தைக் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் கற்கலாம். மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஆகிய தொழில்களுக்கான பட்டப்படிப்புகள் பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் உள்ளன.

தாதியர் பயிற்சி மூன்று ஆண்டு. அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உண்டு. கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் கிடைக்கும். குடும்பநல மருத்துவிச்சிப் பயிற்சி ஒன்றரை ஆண்டு: ஓராண்டு வைத்தியசாலை சார்ந்தது, ஆறு மாதம் களம் சார்ந்தது. இவற்றுக்கான தகைமைகள் காலத்துக்குக் காலம் மாறுவதால் ஒவ்வொரு வர்த்தமானி அறிவித்தலையும் உன்னிப்பாகப் படிக்கவேண்டும். வர்த்தமானி வந்ததை முடிவுத் திகதிக்குப் பின் அறிவது எமது கிராமங்களின் பழைய துயரம். அறிவித்தலை வாசித்து, விண்ணப்பத்தை நிரப்பி, பதிவுத் தபாலில் அனுப்ப உதவும் ஒருவர் ஒவ்வொரு கிராமத்திலும் இருத்தல் வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை: 'தாதியர் பயிற்சி' எனப் பெயரிட்டுப் பெருந்தொகை கட்டணம் பெறும் தனியார் நிலையங்கள் பட்டினங்களில் பெருகியுள்ளன. அவை வழங்கும் சான்றிதழைக் கொண்டு அரச சேவையில் சேரமுடியுமா, உரிய சபையில் பதிவுபெற முடியுமா என்று எழுத்தில் கேட்டறியாமல் எவரும் நகையை அடகு வைக்கவேண்டாம்.

7. கவனத்திற் கொள்ள வேண்டியவை

- பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், வைத்தியசாலையின் அத்தியட்சகர், பாடசாலை அதிபர், பெற்றோர் ஆகிய நால்வரின் எழுத்துமூல அனுமதி பெறப்படவேண்டும்.
- நோயாளியைப் பற்றிக் கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசுவதில்லை என்று மாணவர் முதல் நாளிலேயே உறுதி கூறவேண்டும். சிறிய ஊர்களில் இரகசியம் உடைந்தால் ஒரு குடும்பமே தலைகுனிய நேரும். கைத்தொலைபேசியில் படம் எடுக்க அறவே இடமில்லை.
- ஊசி, இரத்தம், கழிவு ஆகியவற்றை மாணவர் தொடலாகாது. தொற்றுநோய் விடுதிகளுக்கு அனுப்பலாகாது.
- மாணவரைச் சம்பளமில்லாத சிற்றூழியராக்கக் கூடாது. நாள்தோறும் அரை மணி நேரமாவது ஒருவர் அவர்களுடன் அமர்ந்து, கண்டவற்றை விளக்கவேண்டும்.
- பெண்பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர் ஒருவரும், இருட்டுமுன் வீடு சேரும் போக்குவரத்தும் உறுதி செய்யப்படவேண்டும். முஸ்லிம் மாணவியரின் உடை, தொழுகை நேரம், நோன்புக்காலம் ஆகியன முன்கூட்டியே கவனிக்கப்பட்டால் வாப்பாமார் மனமுவந்து அனுப்புவர்.
- பஸ் கட்டணமும் மதிய உணவும் வழங்கப்படவேண்டும். இச்சிறு செலவே பல வீடுகளில் பெருந்தடை.

8. பயிற்சியால் ஆகாதது

ஆறு வாரப் பயிற்சி இரசாயனவியல் ஆசிரியர் ஒருவரைக் கிராமத்துக்குக் கொண்டுவராது. இசட் புள்ளியைக் கூட்டாது. ஆசை மூட்டி வழிகாட்டாமல் விடுவது பிள்ளைகளுக்கு இழைக்கும் கொடுமை. ஆகவே பயிற்சியைத் தொடர்ந்து விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு மாலை வகுப்பு, பட்டினத்தில் தங்கிப் படிக்க விடுதி வசதி, உயர்தரத்தில் தவறியோருக்கு மாற்று வழி ஆகிய மூன்றும் அமையவேண்டும். வெளிமாவட்டத்தில் பணிபுரியும் நம்மூர் வைத்தியர், தாதியர் ஒவ்வொருவரும் ஒரு மாணவருக்கு வழிகாட்டியாகலாம். மாதம் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட ஒரு பிள்ளையைப் படிப்பில் நிறுத்தி வைக்கும்.

அத்துடன், விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறைக்கு எதிராகக் குரல் கொடுப்பதும் எமது பணியே. தொண்டு முயற்சிகள் உரிமைக் கோரிக்கையின் இடத்தைப் பிடித்துவிடலாகாது.

முடிவுரை

ஒரு கிராமத்திலிருந்து ஒரு மருத்துவிச்சி உருவானால், அடுத்த தலைமுறைப் பெண்பிள்ளைகள் அவரது வெள்ளைச் சீருடையைத் தினமும் தெருவில் காண்பர். அப்போது 'எங்கட புள்ளைக்கு அது சரிவராது' என்ற பேச்சுக்கு இடமிராது. இதற்குப் பெருநிதி தேவையில்லை. பன்னிரண்டு பிள்ளைகள், மனமுள்ள சில ஊழியர்கள், ஆறு வாரங்கள் இருந்தால் தொடங்கிவிடலாம். அடுத்த பரீட்சை முடியும் திகதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு இன்றே ஆயத்தம் செய்வோம்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. உங்கள் கிராமத்தில் பிறந்து சுகாதாரத் துறையில் பணிபுரிவோர் எத்தனை பேர்? அவர்கள் அந்நிலையை அடைந்த வழி யாது?
2. கடந்த மூன்று ஆண்டுகளில் சாதாரணதரம் எழுதியோரில் எத்தனை பேர் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குச் சென்றனர்? செல்லாதோருக்கு இருந்த தடைகள் எவை?
3. வைத்தியசாலையில் மொழியாலோ இனத்தாலோ உங்கள் ஊரவருக்கு ஏற்பட்ட இடர்கள் எவை? மற்றச் சமூகத்தினருக்கும் அவ்வாறான இடர்கள் நேர்ந்ததுண்டா?
4. ஆறு வாரப் பயிற்சிக்கு உங்கள் பகுதியில் முதலில் அணுகவேண்டியவர் யார்? அவரைச் சந்திக்கச் செல்பவர் யார்? எந்நாளில்?